முதல் வகுப்பிலேயே எல்லோரையும் ஆங்கிலம் பேச வைக்கும் ஒரு துண்டுக் காகிதம்!

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, முதல் நாள். ஒவ்வொருவராக முன்னால் வந்து பேர், ஊர், படிப்பு, ஹாபி சொல்லச் சொல்கிறோம். இதைத்தான் ஐஸ்பிரேக்கர், அதாவது முதல் நாள் கூச்சத்தைப் போக்கும் விளையாட்டு, என்று நம்பி நடத்துகிறோம். கடைசி பெஞ்சில் இருப்பவரைப் பாருங்கள். யார் பேசுவதும் அவர் காதில் விழவில்லை. தன் முறை வரும்வரை அந்த நாலு வரியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்!

பின்னணி சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1986-இல் அமெரிக்காவில் மொழி கற்பித்தல் ஆய்வாளர் எலைன் ஹார்விட்ஸும் இன்னும் இரண்டு பேரும், மொழி வகுப்பில் வரும் பயத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள். என்னைக் கூப்பிடப்போகிறார்கள் என்றாலே நெஞ்சு படபடக்கிறது, மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று பயம் என்பதெல்லாம் அதில் உண்டு. நம் கடைசி பெஞ்ச் நண்பரின் மனசும் அதேதான்.

சரி, எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருவோம். இது ஒரு விளையாட்டு, பெயர் 'ஃபைண்ட் சம்ஒன் ஹூ', அதாவது 'இப்படி ஒருவரைக் கண்டுபிடி'.

[திரையில்: ஒன்பது கட்டம் போட்ட காகிதம்]

கட்டத்துக்கு ஒரு விஷயம். பரோட்டா வீசத் தெரிந்தவர். தென்னை மரம் ஏறத் தெரிந்தவர். புல்லட் ஓட்டத் தெரிந்தவர். எல்லோரும் எழுந்து நடக்க வேண்டும், ஆங்கிலத்தில் கேட்டு ஆளைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். காகிதத்தை நீட்டிக் காட்டக் கூடாது. ஒருவரிடம் ஒரே கையெழுத்துதான். பத்து நிமிஷம்.

வகுப்பு கோயம்பேடு மார்க்கெட் மாதிரி ஆகிவிடும். ஆகட்டும்! அந்தச் சத்தம்தான் நமக்கு வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் வேடிக்கை பார்க்க யாருமே மிச்சமில்லை. முதல் ஆளிடம் "யூ... கேன்... ட்ரீ க்ளைம்ப்?" என்று தடுமாறியவர், ஏழாவது ஆளிடம் போகும்போது "கேன் யூ க்ளைம்ப் எ கோகனட் ட்ரீ?" என்று மூச்சுவிடாமல் கேட்பார். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் அதே பழைய பயிற்சிதான். ஆனால் இங்கே கேட்பவருக்குப் பதில் தெரியாது, அதனால் ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே கேட்கிறார். தென்னை மரம் ஏறுபவர் கிடைத்துவிட்டால் வகுப்பே அவரைத் தேடிப் போகும். இங்கிலீஷ் வராது என்று ஓரமாக உட்கார்ந்திருந்தவர்தான் அன்றைக்கு ஹீரோ. எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு 'கேன்' மட்டும் போதும். கொஞ்சம் தேறியவர்களுக்கு 'கடலையே பார்க்காதவர்' என்று எழுதுங்கள், "ஹேவ் யூ எவர் சீன் த ஸீ?" என்று அவர்களே கேள்வியாக மாற்றட்டும்.

நடுவில் புகுந்து இலக்கணம் திருத்தாதீர்கள். காதில் விழும் தவறுகளைக் குறித்துக்கொண்டு, கடைசியில் பேர் சொல்லாமல் இரண்டு மூன்றை போர்டில் எழுதினால் போதும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அப்பா என்ன வேலை, எந்தத் தெரு, வீட்டில் என்ன சாப்பாடு, இவை எதுவும் கட்டத்தில் வேண்டாம். நம் ஊரில் அது சாதி கேட்பதில் போய் முடியும், அதோடு அந்த மாணவர் வாயை மூடிக்கொள்வார்.

தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்லி, அதில் எது பொய் என்று மற்றவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் 'இரண்டு உண்மை, ஒரு பொய்' விளையாட்டும் நல்லதுதான், ஆனால் கொஞ்சம் பழகின பிறகு, நாலு பேர் குழுவில்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்புக்கு எந்த ஒன்பது கட்டம் போடுவீர்கள்? கமெண்டில் எழுதுங்கள், நல்லதாகப் பொறுக்கி ஒரு படிவமாக்கி, பிரின்ட் எடுக்கிற மாதிரி இங்கேயே போடுகிறேன்.