வெலிங்டன்ல போஸ்டிங் பேக்கிங்: கறுப்புப் பெட்டி, கொண்டி, பெட்டி நம்பர் 1

வணக்கம் மக்களே! கேமராவை அப்படியே திருப்புறேன், பாருங்க. வாசல் முழுக்க இரும்புப் பெட்டி. ஏப்ரல் வந்தாச்சு, இங்க குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல, ராணுவ ஆபீசர்கள் படிக்கற ஸ்டாஃப் காலேஜ் கோர்ஸ் முடியுது. போன ஜூன்ல வந்து இறங்கின அத்தனை குடும்பமும் ஒரே நேரத்துல மலை இறங்கணும். அதனால இன்னிக்கு சமையல் வீடியோ கிடையாது.

போன வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருந்தாங்க: "ஆர்மி ஆபீசர் வீட்டுக்கு என்னங்க கவலை, எல்லாத்தையும் கவர்மென்டே கட்டி லாரில ஏத்தி விட்டுடும்." படிச்சதுல இருந்து எனக்கு ஆறவே இல்ல. கவர்மென்ட் குடுக்கறது காசு. இடமாற்றத்துக்குன்னு அடிப்படைச் சம்பளத்துல 80 சதவீதம் ஒரு தொகை வரும். மேஜருக்கு ஆரம்பச் சம்பளம் 69,400 ரூபாய், அதுல 80 சதவீதம் 55,520. அதுபோக 6,000 கிலோ வரைக்கும் சாமான் கொண்டுபோக, கிலோமீட்டர் கணக்குல லாரி வாடகை. நல்ல காசுதான், குறை சொல்லல. ஆனா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு குடும்பத்தையே பெட்டிக்குள்ள அடுக்குறது யாரு? வீட்டுல இருக்கறவங்கதான்.

சரி, பெட்டிக்கு வரேன். இங்க போஸ்டிங் சீசன்ல பெட்டி விலை ஏறிடும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம். 24 கேஜ் தகடு 1,900 ரூபாய், 22 கேஜ் 2,600. கேஜ் நம்பர் குறைஞ்சா தகடு கனம், அது நிறைய பேருக்குத் தலைகீழாப் பதிஞ்சிருக்கு. 700 ரூபாய் மிச்சம்னு 24 வாங்காதீங்க. லாரில பெட்டி மேல பெட்டியா மூணு அடுக்கு ஏத்துவாங்க. மெல்லிசுத் தகடு மூடி நடுவுல குழிஞ்சுடும், குழிஞ்சா கொண்டி நேரா உட்காராது, கொண்டி உட்காரலன்னா பூட்டு மாட்ட முடியாது. நான் இந்த தடவை 22 கேஜ் ரெண்டு, 2,600-ன்னு சொன்னதை 2,350-க்குப் பேசி முடிச்சேன். மொத்தம் 500 ரூபாய் மிச்சம்! எப்படின்னா, மூடியைத் திறந்து கடைக்காரர் முன்னாடியே நாலு தடவை பூட்டிப் பார்த்தேன். ஒரு பெட்டில கொண்டி துளைக்கும் வளையத்துக்கும் கால் இன்ச் விலகல். அதைக் காட்டினதும் அவரே தட்டி நேராக்கிக் குடுத்து விலையும் குறைச்சார். கடைல வச்சே பூட்டிப் பாருங்க, கையில பூட்டோட போங்க. 50 மில்லிமீட்டர் பூட்டோட கம்பி இந்தக் கொண்டில நுழையாது, 40-தான் சரி. அதுவும் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி போடற மாதிரி செட்டா வாங்குங்க. பதினாலு சாவிக்கொத்தை வச்சுக்கிட்டு புது வீட்டுல நிக்கறது எனக்குச் சுத்தமாப் பிடிக்காது.

இப்ப பெயிண்ட். 120 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு, தின்னர்ல துடைச்சு, கறுப்பு எனாமல் மெல்லிசா ரெண்டு கோட்டு. ஒரு லிட்டர்ல ரெண்டு கோட்டுக்கு ரெண்டரைப் பெட்டி வரும். இந்த ஊர்ல காலைல பனி, சாயங்காலம் மேகம். பத்து மணில இருந்து ரெண்டு மணி வரைக்கும்தான் பெயிண்ட் அடிக்கற நேரம். ஈரத்துல அடிச்சா கொப்புளம் கிளம்பும். ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். தேய்ச்சதுக்கு அப்புறம், கறுப்புக்கு முன்னாடி, துரு இருக்கற இடத்துல ரெட் ஆக்ஸைடு பிரைமர் போடணும். போடாம கறுப்பு அடிச்சா அடுத்த போஸ்டிங்குக்குள்ள உரிஞ்சு வரும். கீல்லயும் கொண்டிலயும் முதல்லயே வாஸ்லின் தடவிடுங்க, பெயிண்ட் ஒட்டாது. உள்பக்கம் அடிக்கவே வேண்டாம், துணியெல்லாம் அந்த வாசனை பிடிச்சுக்கும்.

நம்பர் போட பழைய எக்ஸ்ரே ஃபிலிமை பிளேடால வெட்டி ஸ்டென்சில் பண்ணிக்கங்க. வெள்ளைப் பெயிண்டைப் பிரஷ்ல இழுக்காதீங்க, ஃபிலிமுக்கு அடியில கசியும். ஸ்பாஞ்சுல தொட்டுத் தொட்டு ஒத்துங்க. எங்க போடணும்? எல்லாரும் மூடி மேல போடறாங்க. அடுக்கினதுக்கு அப்புறம் மூடி எப்படித் தெரியும்? குட்டையான பக்கம் ரெண்டுலயும் போடுங்க, அதுதான் கண்ணுக்குத் தெரியும். ரேங்க், பேரு, யூனிட் எல்லாம் எழுதற பழக்கம் எனக்கு வேண்டாம். முன்னெழுத்தும் நம்பரும் போதும். இந்தியா முழுக்க லாரில போற பெட்டி அது.

நம்பருக்கு ஒரு நோட்டு. போன்ல ஆப் இருக்கேன்னு கேப்பீங்க. லாரி வந்து நிக்கற நேரத்துல போன் சார்ஜ் இல்லாம போகும், நோட்டு போகாது. பெட்டி 7-ன்னு எழுதி, உள்ள இருக்கறதை ஒண்ணொண்ணா எழுதணும். "சமையல் சாமான்"னு எழுதினா பிரயோஜனம் இல்ல. "5 லிட்டர் குக்கர், கேஸ்கட் தனியா, இட்லித் தட்டு 4"-ன்னு எழுதணும். புத்தகத்தைப் பெரிய பெட்டில போட்டுடாதீங்க, இந்த அளவுல நிரப்பினா எண்பது தொண்ணூறு கிலோ வரும், கைப்பிடி பிய்ஞ்சுடும். கீழ ஒரு வரிசை புத்தகம், மேல ரஜாய், அதாவது பஞ்சு வச்ச கனமான போர்வை. ரஜாயே கண்ணாடிச் சாமானுக்கு மெத்தையும் ஆகும். பப்புள் ரேப்புக்குக் காசு கொட்டறது எனக்கு ஆகவே ஆகாது, உங்களுக்கே தெரியும்.

பெட்டி நம்பர் 1 கடைசியா ஏறணும், முதல்ல இறங்கணும். ஏன்னா போற ஊர்ல வீடு உடனே கிடைக்காது. வரிசை இருக்கும், அதுவரைக்கும் கெஸ்ட் ரூம்ல இருப்போம். அதனால 1-ல: வாளி, மக், இண்டக்‌ஷன் அடுப்பு, சின்ன குக்கர், ரெண்டு போர்வை, பசங்க ஸ்கூல் யூனிஃபார்ம், வீட்டுக்காரரோட ஒரு செட் யூனிஃபார்ம் பூட்ஸோட, ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர். கேஸ் சிலிண்டரை லாரில ஏத்தக் கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சில திருப்பிக் குடுத்து வவுச்சர் வாங்கிக்கணும்.

வாஷிங் மெஷின் முன்பக்கம் திறக்கற டைப்னா, பின்னாடி டிரான்சிட் போல்ட் மாட்டணும். மெஷின் வாங்கினப்போ கழட்டினது அது. மாட்டலன்னா டிரம் ஆடி ஆடி ஷாக் அப்சார்பர் போயிடும். குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கு, நினைச்சுப் பாருங்க. ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைச்சு, கதவைத் திறந்து காய விடுங்க, நிமிர்த்தியே கொண்டு போகச் சொல்லுங்க. பெரிய கன்டெய்னர் மலை ஏற முடியலன்னு சின்ன லாரில இறக்கி, கீழ போய் மாத்தி ஏத்துவாங்க சில பேர். மாத்துவாங்களா மாட்டாங்களான்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. உடையறது பெரும்பாலும் அந்த மாத்தி ஏத்தற இடத்துலதான். பில், ரசீது, எடைச் சீட்டு மூணும் பத்திரம், கிளெய்முக்கு வேணும்.

இப்ப முக்கியமான விஷயம், சிவப்புப் பட்டை. அந்த மூணு பெட்டில சிவப்புக் கோடு தெரியுதா? கோர்ஸ் முடிச்ச நிறைய பேருக்கு ஃபீல்டு போஸ்டிங் வரும். காஷ்மீர், லடாக், வடகிழக்குன்னு குடும்பம் கூடப் போக முடியாத இடம். அவர் ஒரு பக்கம், மனைவியும் பசங்களும் வேற ஊர்ல எஸ்எஃப் குவார்ட்டர்ஸ்ல, அதாவது இப்படிப் பிரிஞ்சு இருக்கற குடும்பங்களுக்குக் குடுக்கற வீட்டுல. ஒரே வீட்டுச் சாமான் ரெண்டு ஊருக்குப் பிரியும். சிவப்புப் பட்டை போட்டது அவரோடது. அது வீட்டு லாரில தப்பி ஏறிடுச்சுன்னா, பனில அவர் கம்பளி இல்லாம நிப்பார். பெட்டி பிரிக்கறதுதான் இந்த வேலைல கஷ்டமான நாள். சின்னப் பசங்க முன்னாடி அதைச் செய்யாதீங்க. இல்லன்னா அவங்க கையாலயே ஒரு படம் வரைஞ்சு அப்பா பெட்டில வைக்கச் சொல்லுங்க.

லாரில போகவே கூடாத ஃபைல் ஒண்ணு இருக்கு. கைப்பையில, மனைவி கிட்ட. கல்யாணத்துக்கும் ஒவ்வொரு குழந்தை பிறப்புக்கும் யூனிட்ல பார்ட் டூ ஆர்டர், அதாவது அதை ராணுவ ரெக்கார்டுல பதியற உத்தரவு, வெளியாகி இருக்கணும், அதோட நகல். அது வெளியாகலன்னா ரெக்கார்டுல உங்க பேரே இருக்காது, பின்னால பென்ஷன்ல இருந்து மருத்துவம் வரைக்கும் சிக்கும். டிஎஸ்ஓபி ஃபண்டு (ராணுவ ஆபீசர்களோட பி.எஃப்.), குரூப் இன்ஷூரன்ஸ் ரெண்டுலயும் நாமினி யாருன்னு நீங்களே கண்ணால பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேர் போட்டது அப்படியே கிடக்கும். ஜாயின்ட் அக்கவுன்ட் பாஸ்புக், பசங்க டிசி, போஸ்டிங் ஆர்டர் நகல் நாலு. பத்தாவது, பன்னிரண்டாவதுல ஸ்கூல் மாத்தணும்னா சிபிஎஸ்இ அனுமதிக்கு அந்த நகலைத்தான் கேப்பாங்க.

கார் பத்தி போன தடவை கேட்டவங்களுக்கு: புதுசு வாங்கறதா இருந்தா பிஎச் சீரிஸ், அதாவது பாரத் சீரிஸ் நம்பர் எடுங்க, 2021-ல வந்தது, ராணுவத்துல இருக்கறவங்களுக்குக் கிடைக்கும். ரெண்டு ரெண்டு வருஷமா வரி கட்டலாம், ஊர் மாறினா பதிவு மாத்த வேண்டாம். பழைய நம்பர்னா வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல நின்னா மறுபதிவு பண்ணணும்.

வீட்டை ஒப்படைக்கறது அடுத்த வீடியோல. ஆனா இப்பவே ஒண்ணு: ஃபேன், கீஸர், டியூப் லைட், திரைச்சீலைக் கம்பி, வந்தப்போ கையெழுத்துப் போட்ட பட்டியலை எடுத்து இன்னிக்கே எண்ணிப் பாருங்க. ஒண்ணு குறைஞ்சாலும் பில் வரும், கடைசி நாள்ல ஓட முடியாது.

மணி ஒண்ணே முக்கால். அந்தப் பக்கம் மேகம் இறங்குது. 9-ஆம் நம்பர் பெட்டிக்கு ரெண்டாவது கோட்டு பாக்கி இருக்கு, அதை முடிச்சுடறேன். பை மக்களே.