புடீல் ஸ்டேஷன் முலுண்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 2 நெருங்கினால் எங்களைப் போன்ற வீடுகள் பக்கம் எல்லோருடைய பார்வையும் கொஞ்சம் திரும்பும். ஐ.நா. சபை அந்த நாளை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக அறிவித்து, 2008 முதல் அது நடக்கிறது. அதையொட்டித்தான் என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, டீச்சரும் இல்லை. மும்பை முலுண்டில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரி, 13 வயதுப் பையனின் அம்மா. தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் ஏனோ எனக்கு ஒட்டவில்லை. வீட்டில் ஆட்டிசம் என்றே சொல்கிறோம்.

மூன்று வயது வரை பையன் பேசவில்லை. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று சுற்றிலும் சமாதானம் சொன்னார்கள். நானும் அதை நம்பி ஒரு வருஷத்தைத் தொலைத்தேன்.

அப்புறம் அவன் பேசினான். எப்படித் தெரியுமா? ஸ்லோ வண்டியில் மாட்டுங்கா கோயிலுக்குப் போகும்போது, முலுண்டிலிருந்து ஒன்பதாவது ஸ்டேஷன் அது, ஒலிபெருக்கிப் பெண்மணி சொல்வதை அதே ராகத்தில் திருப்பிச் சொன்னான். "புடீல் ஸ்டேஷன் மாட்டுங்கா. அக்லா ஸ்டேஷன் மாட்டுங்கா. நெக்ஸ்ட் ஸ்டேஷன் மாட்டுங்கா." மராத்தி, இந்தி, இங்கிலீஷ், மூன்றும் சுத்தம். இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கும் எனக்கு இன்னும் அந்த 'டீ' சரியாக வராது.

இதற்கு எதிரொலிப் பேச்சு என்று பெயர். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது. இந்தியாவில் ஆட்டிசத்தை அளக்க 40 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க். கூட்டுத்தொகை 70-ஐத் தொட்டாலே ஆட்டிசம். எதிரொலிப் பேச்சும் அந்த 40-ல் ஒன்று. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போன அன்று அந்தக் கேள்வி வந்ததும், மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவன், "கிருபயா த்யான் தீஜியே" என்று பிளாட்பார அறிவிப்பை ஆரம்பித்தான். தயவுசெய்து கவனியுங்கள்! கேள்வி கேட்ட அம்மா சிரித்துக்கொண்டே மார்க் போட்டார்.

நானும் அதைக் கிளிப்பிள்ளைப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன், மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வரை. அப்போது அவனுக்கு ஆறு வயது. மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். கெட்டிமேளம் கொட்டியதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "புடீல் ஸ்டேஷன் முலுண்ட்" என்றான். பக்கத்து வரிசையில் சிரிப்பு. என் சித்தி, "இன்னொரு தடவை சொல்லு ராசா" என்றார். சொன்னான். செல்போனை எடுத்தார்கள். மறுபடி சொன்னான். ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பான். அதற்கப்புறம் தரையில் விழுந்து தலையை முட்ட ஆரம்பித்தான். "பிள்ளையை வளர்த்திருக்கிற லட்சணம்" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது.

ராத்திரி அவன் தூங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்த ஸ்டேஷன் முலுண்ட் என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். பிள்ளை எவ்வளவு மரியாதையாக, எத்தனை தடவை கேட்டிருக்கிறான்!

அமெரிக்காவில் பாரி பிரிசன்ட், ஜூடித் டூசன் என்ற இருவர் 1981-லேயே இதை எழுதிவிட்டார்கள். இந்தக் குழந்தைகள் திருப்பிச் சொல்வது வெறும் சத்தம் இல்லை, கேட்பதற்கும், ஆமாம் என்பதற்கும், தங்களைத் தாங்களே நிதானப்படுத்திக்கொள்வதற்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இடது பக்கம் அவன் சொல்வது, வலது பக்கம் அர்த்தம். "கிருபயா த்யான் தீஜியே" என்றால் என்னைப் பார். பால் பாக்கெட் விளம்பரப் பாட்டு வந்தால் பசி. அந்த நோட்டின் ஜெராக்ஸை ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் கிளாஸ் டீச்சர் கையில் கொடுத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்கும், முடிவெட்டும் கடைக்கும் ஒவ்வொன்று உண்டு.

பள்ளிக்கூடக் கதை ஒன்று சொல்லியாக வேண்டும். சேர்க்கப் போன முதல் இடத்தில், "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வேறு இடம் இருக்கிறதே" என்றார்கள். நான் அழுதுகொண்டே வந்துவிட்டேன். அடுத்த இடத்துக்கு அழாமல் போனேன், கையில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோடு. 1995-இன் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, ஆட்டிசம் அதில் கிடையாது. புதியதில் 21 வகை, ஆட்டிசமும் உண்டு. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. 17-ஆம் பிரிவில் தேர்வில் கூடுதல் நேரம், எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு என்று எல்லாம் இருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டு மேஜையில் வைத்தேன். சண்டை போடவில்லை. படித்துப் பாருங்கள் மேடம், நான் வெளியில் காத்திருக்கிறேன் என்றேன். சேர்த்துக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை, மராத்தியை அவ்வளவு அழகாக உச்சரிப்பவனுக்கு மராத்திப் பரீட்சையிலிருந்து விலக்கு!

ஆனால் நான் ஒரு விஷயத்தில் ஏமாந்தேன். ஆரம்பத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர், "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், இங்கிலீஷ் மட்டும். பல மொழி இவனைக் குழப்பும்" என்றார். எட்டு மாதம் கேட்டு நடந்தோம். என் மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. பேரனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மடியில் போட்டுத் தூங்க வைப்பவர் அவர்தான். எட்டு மாதம் அவர் அந்தப் பிள்ளையிடம் வாய் திறக்கவில்லை. "நான் பேசினா பிள்ளைக்குக் கெடுதல்னு சொல்லுதாகளே" என்பார். கனடாவில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு மொழி புழங்கும் வீட்டில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனால் பேச்சு கூடுதலாகப் பின்தங்கவில்லை என்று காட்டியது. அதைப் படித்த அன்றைக்கே அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அடுப்படியில் நின்றபடியே, "ஏலே, சாப்பிட வாலே!" என்று ஒரு சத்தம் போட்டார். எட்டு மாதச் சத்தம் அது.

இப்போது தினமும் மதியம் ஒரு மணிக்கு அவன் தட்டை எடுத்துக்கொண்டு ஆச்சி முன்னால் போய் நிற்பான். அவர் குரலிலேயே, அவரைப் பார்த்து, "ஏலே, சாப்பிட வாலே" என்பான். வந்திருந்த நாத்தனார் ஒரு நாள் பதறிப்போய், "ஆச்சியைப் போய் ஏலேன்னு சொல்லலாமா, ஆச்சி வாங்கன்னு சொல்லிக் கொடுங்க மதினி" என்றார்.

"சும்மா கெட" என்றார் அத்தை. "அவன் கூப்பிடுதாம்லா." முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவன் பின்னாலேயே போனார்.