காரணம் கேட்காத உதவி வேண்டும்

(தொழிலாளர் நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரையில் எனக்குச் சற்றும் பொருந்தாத அடைமொழிகளையெல்லாம் தாராளமாக வழங்கிய செயலாளர் அவர்களே, மேடையை அணிசெய்யும் பேராசிரியப் பெருமக்களே, எத்தனையோ அலுவல்களுக்கிடையிலும் கூட்டம் முடியும்வரை இருப்பதாக வாக்களித்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, தொழிற்சங்கப் பொறுப்பாளர்களே, ஆலைத் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நீதியரசரை அருகில் வைத்துக்கொண்டு சட்டம் பேசுவது துணிச்சலான காரியம் என்பதை அறிவேன். ஆயினும் எளியவர்களின் வழக்குகளைப் பல்லாண்டுகள் பொறுமையோடு கேட்ட செவிகள் அவருடையவை. என் வாதத்தையும் அவை பொறுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

இறக்குமதியால் வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் உதவி என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள். இதை நான்கு பகுதிகளாகப் பேச எண்ணியிருக்கிறேன். உதவித் திட்டம் பிறந்த வரலாறு, அதைப் பெறத் தொழிலாளி எதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்பது, உதவியின் பகுதியாகத் தரப்பட்ட, வேறு வேலைக்கான மறுபயிற்சி பலன் தந்ததா என்பது, இதற்கான பணத்தை யார் தருவது என்பது ஆகியவையே அவை.

இந்தத் திட்டத்தின் தாயகம் அமெரிக்கா. 1950களின் நடுவில் எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்த டேவிட் மெக்டொனால்ட், நாட்டின் வெளிவணிகக் கொள்கையை ஆராய்ந்த ராண்டல் குழுவில் உறுப்பினராக இருந்தபோது முன்வைத்த யோசனை அது. சுங்கவரியைக் குறைத்தால் மலிவான பொருள் நாடு முழுவதற்கும் கிடைக்கிறது. அதற்கான விலையையோ ஏதோ சில ஊர்களின் சில ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் மட்டும் கொடுக்கிறார்கள். ஆதாயம் ஊருக்கெல்லாம் என்றால் இழப்பையும் ஊர்தானே பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. 1962-இல் குடியரசுத் தலைவர் கென்னடி கையெழுத்திட்ட வணிக விரிவாக்கச் சட்டத்தில் அந்த யோசனை இடம்பெற்றது.

சட்டம் வந்துவிட்டதே, உதவி எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்பீர்கள். 1969 நவம்பர் வரை, ஏழு ஆண்டுகளில், ஒரு தொழிலாளிக்குக்கூடக் கிடைக்கவில்லை. வரிக்குறைப்பே இறக்குமதி பெருகியதற்கு முதன்மைக் காரணம் என்றும், அந்த இறக்குமதியே வேலை போனதற்கு முதன்மைக் காரணம் என்றும் இரண்டையும் மெய்ப்பிக்க வேண்டும் என்று சட்டம் விதித்திருந்தது. இதைத்தான் நம் முன்னோர் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றார்கள். அந்த நமஸ்காரத்தைக்கூட ஏழாண்டுக் காலம் செய்யவிடவில்லை என்பதுதான் இங்கே கூடுதல் கொடுமை.

இந்த இடத்தில் ஒரு கதை. ஆற்று வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு உதவித்தொகை தருவதாக ஓர் அரசன் பறையறைந்தானாம். வீடிழந்த கிழவி ஒருத்தி கணக்கரிடம் போனாள். "உன் வீட்டை இடித்தது ஆற்று நீரா, மழை நீரா?" என்றார் கணக்கர். "ஐயா, அது நள்ளிரவில் வந்தது; நான் பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை" என்றாள் கிழவி. "மழை நீருக்கு உதவி கிடையாது. ஆற்று நீர்தான் என்று மெய்ப்பித்து வா." அவள் ஊர்த்தலைவரிடம் ஓடினாள். கரைக்குள் இருக்கும் வரைதான் அது ஆறு, கரையைத் தாண்டிய பிறகு அது வெறும் தண்ணீர், அதற்கு நான் சான்று தர முடியாது என்று அவர் கையை விரித்தார். ஓடக்காரனை அழைத்து வந்தாள். அவன் உனக்கு உறவு, அவன் சாட்சி செல்லாது என்றார்கள். கடைசியில் இடிபாட்டுச் சேற்றைக் கிளறி, அதில் செத்துக் கிடந்த ஒரு மீனை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஐயா, மழையில் மீன் பெய்யுமா?" கணக்கர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, 'இது ஆற்றுமீன்தான், குளத்து மீன் அன்று என்பதற்குச் சான்று தேவை' என்று குறிப்பெழுதிக் கோப்பை வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். அதற்குள் அடுத்த ஆண்டு வெள்ளம் வந்துவிட்டது. இந்த முறை அடித்துக்கொண்டு போவதற்கு அவளிடம் வீடு இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த மீனைத்தான் அமெரிக்கத் தொழிலாளர் துறை பிற்காலத்தில் கேள்விப் படிவங்களாக அனுப்பிக்கொண்டிருந்தது. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனையைத் தளர்த்தி, இறக்குமதி ஒரு முக்கியக் காரணமாக இருந்தாலே போதும் என்றது. 1980-இல் கார் ஆலைகள் ஆட்குறைப்பு செய்தபோது உதவி பெற்றவர்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். செலவைக் கண்டு மிரண்ட அரசு அடுத்த ஆண்டே உதவித்தொகையைச் சுருக்கியது. எது எப்படியிருந்தாலும் மெய்ப்பிக்கும் கடமை போகவில்லை. தொழிலாளர்களோ சங்கமோ மனுப்போட வேண்டியிருந்தது; துறை நிறுவனத்தைக் கேட்டது, அந்த நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர்களைக் கேட்டது, வெளிநாட்டுச் சரக்குக்கு மாறினீர்களா என்று விசாரித்தது. இயந்திரம் வந்து வேலை போனவர்களுக்கு உதவி கிடைக்கவில்லை. மென்பொருள் எழுதியவர்களின் வேலை கடல் கடந்து போனபோது, மென்பொருள் ஒரு பொருளே அன்று என்று சொல்லி அவர்களின் மனுக்களைத் தள்ளினார்கள். நீதிமன்றப் படியேறிய பிறகே 2006-இல் துறை தன் நிலையை மாற்றிக்கொண்டது.

2003 ஜூலை 30 அன்று வட கரோலினாவின் கனாப்பொலிஸ் நகரைச் சுற்றியிருந்த பில்லோடெக்ஸ் துணி ஆலைகள் மூடப்பட்டு, அந்த மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 4,800 பேர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடிக்காமல் இளமையிலேயே தறிக்குப் போனவர்கள். இறக்குமதியால்தான் வேலை போனது என்ற அரசுச் சான்று கிடைத்துப் பயிற்சி வகுப்புக்குப் போனபோது, கணினிக்கு முன்பாக முதலில் எழுத்தும் கணக்கும் படிக்க வேண்டிய நிலை பலருக்கு. ஆலை ஓடிக்கொண்டிருந்த நாள்களிலேயே மாலை வகுப்பு நடத்தியிருக்கக் கூடாதா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நான் ஓயாமல் சொல்வதைக் கேலி செய்யும் நண்பர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் தரும் விடை கனாப்பொலிஸ்.

மறுபயிற்சி பலன் தந்ததா என்ற மூன்றாம் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆய்வாளர்களிடையே கருத்து ஒற்றுமை இல்லை. பென் ஹைமன் என்ற பொருளியலாளரின் ஆய்வு, உதவி பெற்றவர்கள் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 50,000 டாலர் கூடுதலாக ஈட்டினார்கள் என்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அவர் இதை எப்படிக் கண்டறிந்தார் தெரியுமா? மனுவை விசாரிக்கும் அலுவலர்களில் சிலர் இளகிய மனத்தினர், சிலர் கறாரானவர்கள். யார் மேசைக்குக் கோப்பு போகிறது என்பதைப் பொறுத்துத் தொழிலாளியின் தலைவிதி மாறியது. அந்த வேறுபாட்டையே அவர் அளவுகோலாகக் கொண்டார். ஆய்வாளருக்கு அது வாய்ப்பு. இரண்டு தொழிலாளர்களில் கறாரான மேசைக்குப் போனவருக்கு அது பத்தாண்டு வருமானம். காரணம் கேட்கும் திட்டம் எதுவானாலும் அங்கே இந்தச் சீட்டுக் குலுக்கல் இருந்தே தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்கத் திட்டம் 2022 ஜூலை முதல் நாளோடு புதிய சான்றளிப்பை நிறுத்திவிட்டது. நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ வேறு வழியில் நடந்தது. உலகமயமாக்கலால் வேலையிழந்தோருக்கென்று 2007-இல் அது தொடங்கிய நிதியம், முதலில் ஆயிரம் பேர் வேலையிழந்தால்தான் உதவும் என்றிருந்தது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி 200 பேர் என்றாலே போதும், இறக்குமதியா இயந்திரமா என்ற கேள்வியும் இல்லை. பாதி வழி வந்துவிட்டார்கள். 199 பேர் வேலையிழந்த ஊர் என்ன பாவம் செய்தது என்று மட்டும் அவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதால் தீர்மானத்துக்கு வருகிறேன். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பெரும் ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று சொல்கிறது. நாம் கேட்பது, அத்தகைய அறிவிப்பு நாள் எந்த நாட்டிலும் உதவி தொடங்கும் நாளாக இருக்க வேண்டும் என்பதே. பெயர்ப் பட்டியலை முதலாளி அரசிடம் நேரே ஒப்படைக்கட்டும்; தொழிலாளி மனுவும் போட வேண்டாம், மீனும் தேட வேண்டாம். தீர்மானத்தின் படிகள் மேடையின் வலப்பக்கம் செயலாளரிடம் இருக்கின்றன. வேலையிழந்த தோழர்கள் முதலில் கையெழுத்திட வேண்டும். அவர்களுக்குப் பின்னால் நிற்கும்படி பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பணத்தை யார் தருவது என்ற என் நான்காம் பகுதியை, அடுத்துப் பேசவிருக்கும் பொருளியல் துறைத் தலைவர் அம்மையாரிடம் ஒப்படைத்து விடைபெறுகிறேன். வணக்கம்.