மறுத்துச் சொன்ன பிறகு

வணக்கம் நேயர்களே.

மனக்காயம் ஆறுவதைப் பற்றியும், உறவுகளுக்குள் நமக்கென்று ஓர் எல்லை வைத்துக்கொள்வதைப் பற்றியும் பேச அழைத்திருக்கிறார்கள். குடும்ப ஆலோசகராக நான் கண்டதை வைத்துச் சொல்கிறேன். என் எதிரே உட்கார்ந்து அழுகிறவர்களில் பலருக்கு "முடியாது" என்று சொல்லத் தெரியும். சொல்லியும் இருப்பார்கள். அதற்கடுத்த சில நாள்களைத் தாங்க முடியாமல் தாங்களே போய், "சரி விடுங்க, செஞ்சு கொடுத்துடறேன்" என்று இறங்கிவந்திருப்பார்கள். அந்தச் சில நாள்களைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச நினைக்கிறேன்.

நாம் வாழும் இடத்தை முதலில் பார்த்துக்கொள்வோம். சிங்கப்பூரில் திருமணமாகாத ஒருவர் தனியாக வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசாங்க வீடு, வாங்க, பொதுவாக 35 வயதாக வேண்டும். அதுவரை பெரும்பாலோர் பெற்றோருடன்தான். திருமணமான தம்பதி மறுவிற்பனை வீடு வாங்கிப் பெற்றோருடன் சேர்ந்து குடியிருந்தால் 30,000 வெள்ளி மானியம். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி. நல்ல திட்டம் என்றே நான் சொல்வேன். பள்ளி விட்டு வரும் பேரப்பிள்ளையை அழைத்துவரத் தாத்தா இருப்பது சின்ன விஷயமா? ஆனால் இப்படி நெருங்கி வாழும் ஊரில், தூரம் நமக்காக எதையும் செய்துகொடுக்காது. அறைக் கதவைக் கொஞ்ச நேரம் சாத்தினாலே, "என்னம்மா, ஏதாவது கோபமா?" என்று வெளியிலிருந்து குரல் வரும். எது நமக்கு முடியும், எது முடியாது என்பதை இங்கே வாய் திறந்துதான் சொல்லியாக வேண்டும்.

அர்ஜென்டினாவில் பிறந்த சால்வடோர் மினுச்சின் என்ற மனநல மருத்துவர், குடும்பச் சிகிச்சைத் துறையை வளர்த்தவர்களில் ஒருவர். குடும்பங்களில் இரண்டு கோடிகளை அவர் கண்டார். ஒன்றில், யார் பிரச்சினை யாருடையது என்றே தெரியாதபடி எல்லாரும் எல்லாவற்றிலும் புகுந்து கிடப்பார்கள். மற்றதில், பக்கத்து அறையில் ஒருவர் நொறுங்கிப்போனாலும் அடுத்தவருக்குத் தெரியாது. நலமான குடும்பம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நம்மவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது என்னவென்றால், முதல் கோடியில் பல வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரே நாளில் இரண்டாவது கோடிக்குத் தாவிவிடுகிறார்கள். தீபாவளி விருந்தில் ஒரு வார்த்தை கூடிப்போகும். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுவிடும். தைப்பூசத்துக்கு அண்ணனும் தம்பியும் ஒரே பாதையில் பால்குடம் எடுத்துப் போவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்பே, "இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கலண்ணே, இதை விட்டுடுங்க" என்று சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காதே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதை நெருங்கும் பெண், வீட்டுக்கு மூத்தவர். வேலை முடிந்து ஈசூனில் ரயிலைவிட்டு இறங்கினால் நேராக வீட்டுக்குப் போகமாட்டார். புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசைக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். அம்மா படுத்திருப்பார் என்று தோன்றிய பிறகுதான் லிஃப்டுக்குப் போவார். காரணம், தம்பியின் கடன். முன்பே இரண்டு தடவை இவர் அடைத்திருக்கிறார். இப்போது புதுக் கடனுக்குப் பிணைக் கையெழுத்துக் கேட்கிறார்கள். "ஒரு கையெழுத்துத்தானே, போட்டா நீ என்ன குறைஞ்சா போயிடுவ?" என்பது அம்மாவின் கேள்வி. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் பிணை நின்றவர்தான் கட்ட வேண்டும். உரிமம் பெற்ற கடன் நிறுவனங்களே மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். ஒரு கையெழுத்தில் நிறையவே குறையும்.

அம்மாவிடம் சொல்வதற்காக அவர் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். முழுக்கக் காரணங்கள். மகளின் டியூஷன், வீட்டுத் தவணை, கணவரின் ரத்த அழுத்தம். நான் அதை வாங்கி ஓரமாக வைத்தேன். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு வாதாடுவார்கள். டியூஷன் செலவு என்றால், "டியூஷனை நிறுத்து" என்று பதில் வரும். கடைசியில் இரண்டு வாக்கியம்தான் மிஞ்சியது. "அம்மா, உங்களுக்கு மாசாமாசம் கொடுக்கறது என்னைக்கும் நிக்காது. தம்பி கடனுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்." செய்வது எது என்று முதலில், செய்யாதது எது என்று அடுத்ததாக. நடுவில் ஓர் "ஆனா" கூட வேண்டாம் என்றேன். என் அறையிலேயே சொல்லிப் பார்த்தார். இரண்டாவது வாக்கியம் வரும்போதெல்லாம் குரல் உள்ளே போய்விடும். அது நிமிரும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்.

வீட்டில் சொன்னார். முதல் நாள் அம்மா பேசவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். ஜோகூரிலிருந்து சித்தி கூப்பிட்டு, "அக்காவை இப்படி அழ வச்சுட்டியே" என்றார். குடும்ப வாட்ஸ்அப்பில், பெற்ற தாயை மறந்தவர்களைப் பற்றிய படங்களும் பொன்மொழிகளும் வந்து விழுந்தன. "நான் தப்பு பண்ணிட்டேனோ? முன்னாடியே பரவாயில்லையே, இப்ப இன்னும் மோசமாயிடுச்சே" என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

நேயர்களே, இந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். இத்தனை நாளும் பலித்த ஒரு வழி திடீரென்று பலிக்காமல் போனால், மனிதர் அதை உடனே விட்டுவிடுவதில்லை. முதலில் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பார். நடத்தை உளவியலில் இது நன்றாக அறியப்பட்ட ஒன்று. வேண்டாத மனிதர்தான் இப்படிச் செய்வார் என்றில்லை; பாசமுள்ள அம்மாவும் செய்வார், நீங்களும் நானும் செய்வோம். அழுத்தம் உச்சத்துக்குப் போகும் அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், "இந்த அளவுக்குப் போனாத்தான் இவ கேப்பா" என்று நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும். அடுத்த தடவை தொடக்கமே அந்த அளவிலிருந்து வரும். அதனால், சொன்ன பிறகு நிலைமை சில நாள் மோசமானால், சொன்னது தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அப்போது வரும் குற்றவுணர்வுக்கு என்ன செய்வது? நான் ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன். இவருக்கு நான் தீங்கு செய்தேனா, ஏமாற்றம் கொடுத்தேனா? தீங்கு செய்திருந்தால் போய் மன்னிப்புக் கேளுங்கள், தாமதிக்க வேண்டாம். ஏமாற்றம் மட்டும்தான் என்றால், அவர் அதைத் தாங்கிக்கொள்வார் என்று நம்புங்கள். உங்களுக்குள் இருக்கும் அந்த உறுத்தல், பழக்கத்தை மீறியதால் வருவது. நாளாக ஆகக் குறையும்.

அந்தப் பெண்ணின் அம்மா பலதுறை மருந்தகத்துக்குப் போக வேண்டிய தேதி நெருங்கியபோது, தாமாகவே வந்து பேசினார். தம்பி, கடன்பட்டவர்களுக்கு வழிகாட்டும் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பிடம் போனார். சித்தி இன்றுவரை பேசவில்லை. அதற்காக அந்தப் பெண் வருத்தப்படுகிறார். வருத்தப்பட வேண்டிய இழப்புதான் அது. எல்லை வைத்தால் எல்லாரும் புரிந்துகொள்வார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. "நீங்க என்கிட்ட கத்தக்கூடாது" என்பது அடுத்தவருக்குப் போடும் கட்டளை. அதைக் காப்பாற்றும் சக்தி உங்களிடம் இல்லை. "கத்தினா போனை வச்சுடுவேன், நாளைக்கு நானே கூப்பிடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. சொன்னபடி வைத்துவிடுங்கள். அதைவிட முக்கியம், சொன்னபடி மறுநாள் கூப்பிடுங்கள்.

இப்படி அழுத்தம் வரும் வழியை அடைத்த பிறகுதான் பழைய காயம் ஆறத் தொடங்குகிறது. தினமும் கீறிக்கொண்டே இருக்கும் புண்ணுக்கு எந்த மருந்தும் பிடிக்காது. அந்தக் கட்டத்தில் எழுதுவது பலருக்கு உதவுகிறது. 1986ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், சக ஆய்வாளருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை உலுக்கிய அனுபவங்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்ததும் சிலருக்கு மனம் கனத்தது. பின்வந்த மாதங்களிலோ, நடந்ததையும் அதனால் பட்ட உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரைப் பார்க்கப் போவது குறைந்திருந்தது. யாருக்கும் காட்ட வேண்டாம். தமிழில், வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். எழுத எழுதப் பதற்றம் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு, உதவிக்கு ஒருவரைத் தேடுங்கள்.

அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டுக்கு நான் இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு நிற்காதீர்கள், முதலில் பாதுகாப்பைத் தேடுங்கள். நம் சட்டத்தில் மனத்தை வதைப்பதும் குடும்ப வன்முறைதான். "பெத்தவங்களைப் பாக்கணும்னு சட்டமே இருக்கே" என்று தயங்கும் பிள்ளைகளும் உண்டு. 1995ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைச் சொல்கிறார்கள். பிள்ளையைக் கைவிட்ட, கொடுமைப்படுத்திய பெற்றோர் கேட்டால், நடுவர் மன்றம் தொகையைக் குறைக்கவோ மனுவையே தள்ளுபடி செய்யவோ அதே சட்டம் இடம் கொடுத்திருக்கிறது.

கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமார்களுக்கும் அப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகள், "அத்தை, வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க" என்று சொன்னால் நெஞ்சில் சுருக்கென்று தைக்கும், தெரியும். மகன் வீட்டுச் சாவி நம் கையில் இருக்கும்போது மணியடித்துவிட்டு நிற்பது கஷ்டம்தான். ஆனால் உங்களை விலக்க நினைப்பவர் இதைச் சொல்லவே மாட்டார். சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் வீடு மாற்றிக்கொண்டு போவார். உங்களோடு பல வருஷம் இருக்க விரும்புகிறவர்தான் தைரியத்தைத் திரட்டி இதைச் சொல்கிறார். பதிலுக்கு நீங்களும் கேளுங்கள். "ஞாயித்துக்கிழமை மட்டும் பிள்ளையை நான் பாத்துக்கமாட்டேன், எனக்கும் கோயில் குளம்னு போகணும்" என்று தாராளமாகச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே களைத்துப்போன பாட்டிகள் இந்த ஊரில் நிறையப் பேர்.

தனியாகச் சுமக்க முடியவில்லை என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழையுங்கள். உயிரையே விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் எந்த நேரமானாலும் 1767. வீட்டில் வன்முறை என்றால் 1800-777-0000. தமிழில் பேச வேண்டும் என்றால் உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்திலோ, இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்பிலோ கேட்டுப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.