ராஜாக்கள் இன்னும் அடுக்களையில் இருக்கிறார்கள்

நேயர்களுக்கு வணக்கம். சின்ன வயதுக் கிறிஸ்துமஸ் பற்றியும், அப்போது கையில் கிடைத்த விளையாட்டுச் சாமான்கள் பற்றியும், ஆடிய ஆட்டங்கள் பற்றியும் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் பேச ஆசைதான். ஆனால் குடிலைத் தொட்டால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டிலேயே எச்சரித்து அனுப்பியிருக்கிறார்கள். பார்ப்போம்.

என்னைக் கேட்டால், கிறிஸ்துமஸ் காலத்தில் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற ஆகப் பெரிய விளையாட்டுச் சாமான் குடில்தான், இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மை வைத்து வீட்டில் அமைப்போமே, அதுதான். பெரியவர்கள் அதைப் பக்தி என்பார்கள். இருக்கட்டும். வீட்டின் முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு, மண்ணும் தண்ணீரும் வைக்கோலும் கொட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் பொம்மை வைத்து விளையாட வேறு எந்த மாதத்தில் விடுவார்கள்?

நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். நான் சொல்வது 1970-களின் கதை. எங்களுக்கு டிசம்பர் என்பது கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவோடு ஆரம்பிக்கும். டிசம்பர் 3 சவேரியார் திருநாள், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அந்தத் திருவிழாக் கடைகளில் வாங்கிய ஊதலும் பலூனும் வீட்டுக்கு வந்து சேர்ந்து, ஊதல் பிடுங்கி ஒளித்துவைக்கப்பட்டு, பலூன் உடைந்து முடிவதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மனம் முழுக்கக் குடிலில் இருக்கும்.

அந்தத் தேர்வு நாட்களிலேயே ரகசியமாக ஒரு வேலை நடக்கும். குடிலுக்கு வயல் வேண்டும். நெல்லையோ கேழ்வரகையோ ஒரு ராத்திரி ஊறவைத்து, சிரட்டையிலும் தகர மூடியிலும் மண் போட்டு விதைத்துவிடுவோம். பத்து நாளில் பச்சைப்பசேல் என்று நிற்கும். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க முளைப்பாரி மாதிரியில்லா இருக்கு" என்பார்கள்.

மலை எப்படிச் செய்வது என்றால், பழைய சாக்கைச் சேற்றுக் குழம்பில் முக்கி எடுத்து, குச்சிகளின் மேல் போட்டுக் காயவிட வேண்டும். எந்தக் குச்சியை எங்கே சாய்ப்பது என்பதைக் கையால் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரியும். இங்கே நான் கையை ஆட்டுவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வானொலி நிலையத்துத் தம்பிக்கு மட்டும்தான் தெரிகிறது. அவரும் சிரிக்கிறார். ஆகவே மலையை விட்டுவிடுகிறேன். குளத்துக்கு அப்பாவின் சவரக் கண்ணாடி. அதைச் சுற்றி மணல் போட்டுவிட்டால் குளம் தயார். அப்பா ஒரு வாரத்துக்கு அடுத்த அறைச் சன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்வார்.

இப்போது செட்டியார் கதைக்கு வருகிறேன். அந்தப் பக்கத்து வீட்டில் நவராத்திரிக்குக் கொலு வைப்பார்கள். கொலுவில் செட்டியார் பொம்மை உண்டல்லவா, முன்னால் அரிசி, பருப்பு எல்லாம் பரப்பிவைத்து உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். ஒரு வருடம் எங்கள் அண்ணனுக்குச் சந்தேகம் வந்தது. இயேசு பிறந்த பெத்லகேம் ஓர் ஊர். சத்திரத்திலே இடமில்லாத அளவுக்குக் கூட்டம். அப்படியானால் கடை இல்லாமல் இருக்குமா? நேரே போய் அத்தையிடம் கேட்டான். அத்தை யோசிக்கவே இல்லை. "இவரு பெட்டிக்குள்ள சும்மாதானே கிடக்காரு, கொண்டு போ மக்கா. தை மாசம் தந்தா போதும்."

அப்படியாகச் செட்டியார் பெத்லகேமில் கடை போட்டார். ஒரு சிக்கல். உட்கார்ந்திருக்கிற செட்டியார், மாதாவின் பக்கத்தில் நிற்கிற அவர் கணவர் சூசையப்பரை விடப் பெரியவர். அண்ணன் அவரைக் குடிலின் முன் ஓரத்துக்குக் கொண்டுவந்து, "பக்கத்தில இருக்கிறவரு பெரிசாத்தானே தெரிவாரு" என்று முடித்துவிட்டான்.

குடில் பார்க்க வந்த பங்குச்சாமியார் செட்டியாரையே கொஞ்ச நேரம் பார்த்தார். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. "இவர் யாரு?" என்றார். பாட்டாதான், அதாவது எங்கள் தாத்தாதான், பதில் சொன்னார். "பலசரக்குக் கடை, சாமி. மாதாவுக்குப் பிரசவ மருந்து இடிக்கச் சுக்கும் மிளகும் வேண்டாமா?" சாமியார் சிரித்த சிரிப்பில் செட்டியாருக்கு ஆயுள் சந்தா கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லா வருடமும் வந்தார். அத்தை வீட்டில் செட்டியாருக்கு வர்ணம் அடித்தால்கூட, "டிசம்பருக்குள்ள காஞ்சிரும்" என்று எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார்கள்.

பின்னால் பெரியவளாகிப் படித்தபோது பாட்டா செய்தது, பிறப்புக் கதையில் இல்லாதவரைக் குடிலுக்குள் விடுவது, பழைய வழக்கம்தான் என்று தெரிந்தது. 1223-இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் குடில் வைத்தார். குடில் வழக்கம் ஊர் ஊராகப் பரவ அது பெரிய காரணம். பொம்மை கிடையாது, வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும்தான். சரி, அந்த மாடும் கழுதையும் எங்கிருந்து வந்தன? லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி இருக்கிறது, மாடு இல்லை, கழுதை இல்லை. எசாயா இறைவாக்கினர் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில், மாடு தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவனின் தீவனத் தொட்டியை அறியும் என்று வருகிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டும் உள்ளே வந்துவிட்டன. மாட்டுக்கும் கழுதைக்கும் இடம் உண்டென்றால் செட்டியாரை மட்டும் ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

அப்புறம் ராஜாக்கள், குழந்தை இயேசுவைத் தேடிக் காணிக்கையோடு வந்தவர்கள். இதை நான் கட்டாயம் சொல்ல வேண்டும். இப்போது குடில் வைக்கிற அன்றைக்கே மூன்று ராஜாக்களையும் கொண்டுவந்து குழந்தைக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். குழந்தையே 24-ஆம் தேதி நடுச்சாமப் பூசைக்குப் பிறகுதான் வரும், அதற்கு முன்னாலேயே இவர்கள் வந்து நின்று யாரை வணங்குகிறார்கள்? எங்கள் வீட்டில் ராஜாக்கள் 25-ஆம் தேதி காலையில்தான் பயணம் தொடங்குவார்கள். கிழக்கிலிருந்து வந்தார்கள் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் கிழக்கு என்றால் அடுக்களை. ஆகவே ராஜாக்கள் ஆட்டுக்கல் பக்கத்திலிருந்து புறப்படுவார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையின் முறை. நகர்த்துகிறவர் அன்று இரவு ராஜாக்கள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கதை சொல்ல வேண்டும். செட்டில் ஒட்டகம் ஒன்றே ஒன்று, அதனால் அவர்களும் முறைபோட்டுத்தான் ஏறிவந்தார்கள். என் தங்கை முறை வந்தால் ராஜாக்கள் முறுக்கு டின்னைத் தாண்டவே மாட்டார்கள். இரண்டு நாள் அங்கேயே கூடாரம். காலையில் அம்மா பெருக்க வருவார். "ராஜாவ எடுக்கியளா, வாரியலால தள்ளட்டா?" குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனை விட அந்த வாரியலுக்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம். குடில் பார்க்க வருகிறவர்கள், "ராஜாக்களைக் காணோமே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்போம். "அவங்க இன்னும் வரல, அடுக்களைல இருக்காங்க."

ஜனவரி 2-ஆம் தேதி வாக்கில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். கடைசி நாலு நாள் பயணம் சாயங்காலம் பள்ளி விட்டு வந்த பிறகுதான். 6-ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, குடில் வாசலில் வந்து இறங்குவார்கள். இந்தியாவில் இப்போது அந்தத் திருநாளைக் கோவில்களில் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொண்டாடுகிறார்கள். எங்கள் வீட்டு ராஜாக்கள் பழைய காலண்டர்தான். இன்னொன்றும் சொல்கிறேன். மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. அவர்கள் வந்து சேர்ந்ததும் வீட்டுக்குள் போனார்கள் என்றுதான் எழுதியிருக்கிறார், தொழுவத்துக்குள் என்று இல்லை. தாமதமாக வந்தவர்கள் என்பதற்கு அதுவே போதாதா? அவசரப்படுத்தாதீர்கள், மெதுவாக வரட்டும்.

எனக்கு இப்போதைய குடில் போட்டிகளில் ஒரு குறை உண்டு. தெர்மாகோலில் வெட்டி, மோட்டார் வைத்து அருவி ஓடவிட்டு, சீரியல் லைட் போட்டு, முன்னால் கயிறு கட்டிவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை கயிற்றுக்கு வெளியே நிற்கிறது. தொடாதே, தொடாதே என்று சொல்லவா குடில்? ஒரு ஆடு உடைந்தால் உடையட்டும். எங்கள் குடிலில் மூன்று காலில் நின்ற ஆடுகள் எத்தனையோ.

நிலையத்துத் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். விளையாட்டுகளைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசச் சொன்னார்கள், அது அப்படியே நிற்கிறது. ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தகரக் கப்பல் ஞாபகம் இருக்கிறதா? உள்ளே எண்ணெய்த் திரியைக் கொளுத்தி வைத்தால் டப டப டப என்று தொட்டித் தண்ணீரில் சுற்றி வரும். உள்ளே தண்ணீர் சூடாகி ஆவி தள்ளும், குளிர்ந்ததும் திரும்ப உறிஞ்சும், அவ்வளவுதான் இயந்திரம். அதைக் குடில் குளத்தில் விட முடியாது, கண்ணாடி ஆயிற்றே, அதனால் அண்டாவில். 25-ஆம் தேதி சாப்பாட்டுக்குப் பிறகு புதுச்சட்டையோடு கிளியாந்தட்டு ஆட்டம், சாயங்காலம் அந்தச் சட்டைக்கு அடி. முகமூடி மாட்டிக்கொண்டு மேளத்தோடு வருகிற கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்தது, மழையில் நனைந்து சாயம் ஒழுகிய காகித ஸ்டார், முந்திரிக்கொத்து சுடும் ராத்திரி, இதற்கெல்லாம் இன்னொரு நாள் கூப்பிட வேண்டும்.

கேழ்வரகை மட்டும் இன்றைக்கே ஊறப்போட்டுவிடுங்கள், இனித் தள்ளினால் 24-ஆம் தேதிக்குள் வளராது. நன்றி, வணக்கம்.