அனாக்னா புள்ளன்னு அர்த்தம்

எல்லாருக்கும் வணக்கம். பிடிச்ச குடும்பப் படம் ஒண்ணப் பத்தி பேசுங்கன்னு கூப்ட்டாங்க, கேட்ட உடனே எனக்கு மனசுல வந்தது ஒரு பிலிப்பைன்ஸ் படம்தான், பேரு 'அனாக்', 2000ல வந்தது. அனாக்னா டகாலாக் மொழியில புள்ளன்னு அர்த்தம், பையனையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க பொண்ணையும் அப்படித்தான், நாம புள்ளன்னு சொல்றோமே அதே மாதிரி.

நான் குவைத்ல நர்ஸா இருந்தப்ப ரூம்ல கூட இருந்தது ஒரு பிலிப்பினோ அக்கா. அக்காவ அவங்க ஊர்ல ஆத்தேன்னு சொல்வாங்க, நானும் ஆத்தேன்னுதான் கூப்பிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை லீவு அன்னைக்கு லேப்டாப்ப தலகாணி மேல வச்சு சப்டைட்டில் போட்டு ரெண்டு பேருமா பாத்தோம்.

ஜோசின்னு ஒரு அம்மா, வில்மா சாண்டோஸ் நடிச்சிருப்பாங்க. ஹாங்காங்ல வருஷக்கணக்கா வீட்டு வேல பாத்துட்டு, இனிமே புள்ளைங்களோடயே இருந்துடலாம்னு ஊருக்கு வர்றாங்க. ஆனா வீட்ல யாருக்கும் அவங்க பழக்கமே இல்ல, கடைசிப் பொண்ணு கிட்ட வரவே யோசிக்குது. பெரியவ கார்லாவுக்கு அம்மா மேல அவ்ளோ கோவம், அப்பா செத்தப்பகூட வராத அம்மா என்ன அம்மான்னு, சிகரெட்டு போதைன்னு என்னென்னமோ பண்ணிக்கிறா. உண்மை என்னன்னா ஜோசிய ஊருக்கு விடாம வேலைக்கு வச்சிருந்தவங்க வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு டூர் போயிருப்பாங்க. புருஷன் செத்துக் கெடக்க, இவங்க பூட்டுன வீட்டுக்குள்ள. இத ஒருத்தரும் கேக்கல, இவங்களும் சொல்லல, இந்தப் படத்துல எனக்கு ரொம்ப வலிச்சது இதுதான்.

அப்புறம் ஒரு நாள் வெடிச்சுச் சொல்வாங்க பாருங்க... நீங்க குடிக்கிறப்பவும் சிகரெட் பிடிக்கிறப்பவும் நான் அனுப்புற காச அழிக்கிறப்பவும், அந்தக் காசக் கூட்டி அனுப்ப நான் எத்தன வேள சாப்பிடாம இருந்தேன்னு நெனச்சுப் பாத்திருக்கலாமேன்னு. ஆத்தே அந்த எடத்துல படத்த நிறுத்திட்டாங்க. அவங்க ஊர்லயும் பாத்த உடனே கேக்குறது "சாப்டாச்சா"தான், 'குமாயின் கா நா'ம்பாங்க, ஆனா வெளிநாட்டுல இருக்குற அம்மாவ அத யாரும் கேக்குறதில்லன்னு மட்டும் சொன்னாங்க.

பிலிப்பைன்ஸ்ல 1974லயே தொழிலாளர் சட்டம் போட்டு ஆளுங்கள வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க, 1988ல பிரசிடெண்ட் கொராசோன் அகினோ ஹாங்காங் போயி அங்க வீட்டு வேல பாக்குற பொண்ணுங்கள புது ஹீரோக்கள்னே சொன்னாங்க. நாடு அப்படிச் சொல்லுது சரி, வீட்ல அந்தம்மா யாருன்னு தெரியணும்ல.

ஊருக்கு அனுப்புறதுக்குன்னே வெளிநாட்டுல இருக்குற பிலிப்பினோ ஆளுங்க ஒரு பெரிய அட்டைப்பெட்டி வச்சிருப்பாங்க, பாலிக்பாயான் பாக்ஸ். கப்பல்ல போகும், எடைக்கு இல்ல, பெட்டி சைஸுக்குத்தான் காசு, அதனால சோப்பு, டூத்பேஸ்ட், டின் இறைச்சி, சாக்லேட், துண்டுன்னு மாசக்கணக்கா சேத்து ஒரு விரல் நுழைய எடம் இல்லாம அடைப்பாங்க. எங்க ரூம்ல அந்தப் பெட்டி கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல எப்பவும் பாதி ரொம்பித்தான் நிக்கும், ஆத்தே சம்பளம் வாங்குன அன்னைக்கு எதையாவது கொண்டாந்து அதுல வைப்பாங்க, வச்சிட்டு கொஞ்ச நேரம் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. அங்க பெட்டியப் பிரிக்கிறவங்களுக்கு உள்ள இருக்குற சாமான் தெரியும், இப்படி உக்காந்திருந்தது எப்படித் தெரியும்? ஒரு தடவ பையனுக்கு ஷூ அனுப்புனாங்க, அது கடல்ல போய்ச் சேர்றதுக்குள்ள அவன் கால் வளந்துடுச்சு.

படம் முடியறப்ப ஜோசி திரும்பவும் ஹாங்காங்குக்கே கெளம்புவாங்க. கார்லாவும் அம்மாவும் சேந்துட்டாங்களே, இப்ப எதுக்கு அனுப்புறாங்கன்னு எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு, கேட்டுட்டேன். பின்ன யாரு ஃபீஸ் கட்டுவான்னாங்க ஆத்தே, கோவமே இல்லாம.

அப்புறம் லேப்டாப்ப மூடிட்டு வீட்டுக்குப் போன் போட்டாங்க. பையன் எடுத்தான். அவங்க பேசுனதுல எனக்கு மொதல்ல புரிஞ்சது அந்த 'அனாக்' ஒண்ணுதான், வச்சதுக்கப்புறம் அவங்களே சொன்னாங்க, ஒரு பேப்பர் மேல கால வச்சு சுத்திக் கோடு போட்டு ஃபோட்டோ அனுப்புடான்னு கேட்டாங்களாம், இந்தத் தடவ ரெண்டு விரல் பெருசாவே வாங்குறேன்னு.