கை நனைத்த உறவு: ஜப்பானியக் கிராமங்களில் விருந்தாளியின் உழைப்பு

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

ஒரு வீட்டோடு உறவு கொள்வதை நாம் "கை நனைப்பது" என்ற சொல்லால் குறிப்போம். சம்பந்தம் பேசப் போனவர்கள் பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்காமல் திரும்புவார்கள். மனக்கசப்பு முற்றினால் "இனி அந்த வாசலில் கை நனைக்கமாட்டேன்" என்பார்கள். ஜப்பானியக் கிராமங்களுக்குப் போகும் பயணிகள் அங்கே மாவு பிசைகிறார்கள், காகிதம் வார்க்கிறார்கள், துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள், நாற்று நடுகிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது. இத்தகைய நிகழ்வுகளை ஜப்பானியர் "தைக்கென்" என்று அழைக்கிறார்கள். அதை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவது உடலைக் குறிப்பது. இரண்டாவது சோதித்து அறிவதைக் குறிப்பது. உடம்பால் சோதித்து அறிந்தது என்று பொருள் கொண்டால், நம் "பட்டறிவு" என்ற சொல் அதற்கு மிக அருகில் வந்து நிற்கிறது.

இந்தப் பட்டறிவுப் பயணங்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. பயணியின் கை படுவது ஒரு மணி நேர வேலையில்தான். அந்த ஒரு மணிக்கு முன்னும் பின்னும் ஓராண்டு உழைப்பு இருக்கிறது. அந்த ஓராண்டைப் பயணியின் கண்ணுக்குக் காட்டுகிற வீடு நல்ல வீடு. அதை மறைத்துவிட்டு, பொம்மை வேலை ஒன்றைக் கையில் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவைக்கிற இடத்துக்குப் போவதைவிடப் போகாமல் இருப்பதே மேல்.

கியூஷூ தீவின் ஓய்த்தா மாநிலத்தில் அஜிமு என்றொரு ஊர் இருக்கிறது. திராட்சைக்குப் பெயர்பெற்றது, 2005-இல் உசா நகரத்தோடு இணைக்கப்பட்டது. 1996-இல் அங்கிருந்த உழவர் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து, வெளியூரிலிருந்து வருபவர்களைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைக்கத் தொடங்கின. புதிதாக விடுதி எதையும் அவர்கள் கட்டவில்லை; பிள்ளைகள் நகரத்துக்குப் போனபின் வெறுமையாகக் கிடந்த அறைகளில் பாய் மெத்தை விரித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் 1948-ஆம் ஆண்டின் விடுதித் தொழில் சட்டம் குறுக்கே நின்றது. பணம் பெற்றுக்கொண்டு ஒருவரைத் தங்கவைப்பதானால் உரிமம் வேண்டும். உணவும் கொடுப்பதானால் வீட்டுச் சமையலறையைத் தவிரத் தனியாக ஒரு சமையற்கூடம் வேண்டும். வயலை நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. எனவே அவர்கள் உறுப்பினர் முறை ஒன்றை வைத்துக்கொண்டு, சட்டத்தின் ஓரத்தில் நின்றபடியே சில ஆண்டுகள் விருந்தோம்பினார்கள்.

2002-இல் ஓய்த்தா மாநில அரசு இந்த விதிகளைத் தளர்த்தியது. அந்தத் தளர்வுக்குள் இருந்த ஒரு நிபந்தனை என்னை மிகவும் கவர்ந்தது. விருந்தாளியும் வீட்டாரும் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்பதாக இருந்தால், விருந்தாளிக்கென்று தனிச் சமையற்கூடம் தேவையில்லை என்பதே அது. வீட்டார் சமைத்துப் பரிமாற, வந்தவர் உட்கார்ந்து உண்டால் அது உணவகம். வந்தவரும் கீரை ஆய்ந்து, அரிசி களைந்து, அடுப்படியில் நின்றால் அது வீடு. கை நனைத்தால் உறவு என்று நாம் வழக்காகச் சொல்வதை ஓர் அரசு ஆணை விதியாகவே எழுதியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அஜிமு மக்களிடமும் இதையொத்த ஒரு வாசகம் உண்டு: ஒருமுறை தங்கினால் தூரத்து உறவு, பத்துமுறை தங்கினால் சொந்த உறவு. அதை வாய்ச்சொல்லாக மட்டும் விட்டுவிடாமல், எத்தனை முறை வந்தார் என்று குறித்துக்கொள்ள விருந்தாளிக்கு ஓர் உறவு அட்டையும் கொடுத்தார்கள்.

அந்தப் பக்கத்து வீடுகளில் விருந்தாளி கை வைக்கும் வேலைகளுள் மிசோ தயாரிப்பும் ஒன்று. கியூஷூவில் பெரும்பாலும் பார்லி மிசோதான். வேகவைத்த பார்லியில் கோஜி என்னும் பூஞ்சையை வளர்த்து, அவித்து மசித்த சோயா பருப்போடும் உப்போடும் கலந்து, உருண்டை பிடித்து, தொட்டிக்குள் ஓங்கி எறிவார்கள். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டாகத் தெரியும். உருண்டைகளுக்கிடையே காற்று தங்கினால் வேண்டாத பூசணம் பிடிக்கும். அதனால்தான் அந்த எறிதல். எறிந்தவர் அன்று தின்பதற்கு அதில் எதுவும் இல்லை, ஏனெனில் அது பக்குவப்பட மாதங்கள் ஆகும். அந்த வீட்டில் அன்று நாம் உண்ணும் மிசோ சூப், நமக்கு முன் வந்துபோன யாரோ ஒருவர் எறிந்த உருண்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம். நாம் எறிந்தது நமக்குப் பின் வரப்போகிறவருக்கு. ஜப்பானின் மதுவடிப்பு அறிவியல் கழகம் 2006-இல் கோஜியை "நாட்டின் பூஞ்சை" என்று அறிவித்தது. சோயா சாறு, சாக்கே மது, மிசோ எல்லாமே அதன் தயவில் நிற்பவை என்பதால் அந்த மரியாதை அதற்குத் தகும்.

நாகானோ மாநிலத்து மலையூரான தொகாகுஷியில் சொபா நூடுல்ஸ் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். பக்வீட் என்னும் முக்கோண விதையின் மாவு அது. சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை என்பதால் எனக்கு எளிதாக வந்துவிடும் என்று எண்ணினேன்; அந்தப் பழக்கமே தடையாயிற்று. கோதுமையில் இருக்கும் பசைத்தன்மை பக்வீட்டில் இல்லை. ஆகையால் எட்டுப் பங்கு பக்வீட்டோடு இரண்டு பங்கு கோதுமை மாவு சேர்ப்பது பரவலான வழக்கம். நீரை ஒரேயடியாக ஊற்றி அமுக்கிப் பிசையக் கூடாது. விரல்நுனியால் மாவைச் சுழற்றிச் சுழற்றி, ஒவ்வொரு துகளும் ஈரம் பெறும்படி செய்ய வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் தவறினால், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் வெட்டும்போது இழை அறுந்துபோகும். நான் வெட்டியவை பல தடிமனில் இருந்தன, சில அறுந்தும் போயின. சொல்லிக்கொடுத்த அம்மையார் தம்முடைய இழைகளை எனக்குத் தராமல், நான் வெட்டியவற்றையே வேகவைத்து மூங்கில் தட்டில் வைத்தார். உண்டபின், வேகவைத்த நீரைத் தொட்டுக்கொண்ட சாறில் கலந்து குடிக்கச் சொன்னார். நம் வீடுகளில் வடித்த கஞ்சியை வீணாக்காத பாட்டிமார்களின் முகம் எனக்கு அவரிடம் தெரிந்தது.

காகிதத்துக்கு வருகிறேன். தொயாமா மாநிலத்தின் கொகாயாமா பகுதி, கூப்பிய கைகளைப் போன்ற செங்குத்தான கூரைகள் கொண்ட வீடுகளுக்காக 1995-இல் அண்டை ஊரான ஷிராகவா-கோவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பலரும் கூரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே பனிக்காலத் தொழிலாகக் காகிதம் செய்து வந்தார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கோஸோ என்னும் செடியின் கிளைகளை இலையுதிர்ந்தபின் வெட்டி, ஆவியில் வேகவைத்து, பட்டையை உரித்து, கறுத்த மேல்தோலைச் சுரண்டி எடுத்து, மிஞ்சும் நாரைப் பனியின்மீது பரப்பி வெளுக்க வைப்பார்கள். பிறகு காரநீரில் வேகவைத்து, ஓடும் குளிர்நீரில் அலசி, நாரில் ஒட்டியிருக்கும் சிறு சிறு கறைகளை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். அதற்குப்பின் அடித்து நைத்து, நீரில் கலக்கி, தொரொரோ-ஆஓய் என்னும் செடியின் வேரிலிருந்து வடியும் வழுவழுப்பான சாற்றைச் சேர்ப்பார்கள். நார்கள் அடியில் படியாமல் நீரில் மிதந்து நிற்கச் செய்வது அந்தச் சாறுதான். வெப்பம் கூடினால் சாறு நீர்த்துவிடும். அதனால், விரல் விறைக்கும் குளிர்காலமே காகிதத்துக்கு உகந்த காலமாயிற்று.

இவ்வளவும் முடிந்தபிறகு, மூங்கில் சட்டத்தைத் தொட்டியில் முக்கி எடுத்து ஆட்டுகிற ஒரு கணம் இருக்கிறதே, அதுதான் பயணிக்குக் கிடைக்கிறது. ஓர் அஞ்சலட்டை அளவில் நம் கையால் வார்த்த காகிதத்தோடு நாம் திரும்பலாம். அந்த ஒரு கணத்தை மட்டும் விற்கும் பட்டறைகள் இருக்கின்றன. கறை பொறுக்கும் மூலையில் நம்மை அரைமணி நேரம் உட்காரவைத்து, "முதலில் இதைச் செய்யுங்கள்" என்று சொல்லும் பட்டறைகளும் இருக்கின்றன. உங்களால் இயன்றவரை இரண்டாவது வகையைத் தேடிப் போங்கள் என்றே சொல்வேன். கைத்தாள் கலையின் மூன்று மரபுகள் 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டபோது உலகம் வியந்தது காகிதத்தின் அழகையும் உறுதியையும். அந்த உறுதி பிறப்பது கறை பொறுக்கும் மூலையில்தான்.

ஷிக்கொக்கு தீவின் தொக்குஷிமாவில் நீலச் சாயம். அவுரி விளைந்த நாட்டிலிருந்து போகும் நமக்கு இது தனிப்பட்ட ஈர்ப்புடையது. சாயப்பொருள் ஒன்றே, செடியும் முறையும் வேறு. நம்மவர்கள் அவுரி இலையை நீர்த்தொட்டியில் ஊறவைத்து, அந்த நீரைக் கடைந்து நீலத்தைப் படியவைத்தார்கள். அங்கே வேறொரு தாவரக் குடும்பத்துச் செடியின் காய்ந்த இலையைக் குவியலாக்கி, நீர் தெளித்துப் புரட்டிப் புரட்டி, ஏறத்தாழ 100 நாள் புளிக்கவைத்து, சுகுமோ என்னும் உரம்போன்ற பொருளாக மாற்றுகிறார்கள். குவியலுக்குள் கைவைக்க முடியாத சூடும், கண்ணைக் கரிக்கும் நெடியும் இருக்கும். அந்த வேலையை இன்றும் செய்யும் குடும்பங்கள் மிகச் சிலவே. சுகுமோவைச் சாம்பல் காரநீரோடும் தவிட்டோடும் மறுபடி புளிக்கவைத்த தொட்டியில் துணியை முக்கி எடுத்தால், அது பாசிநிறமாக வெளியே வருகிறது. காற்றுப் பட்டதும் நம் கண்முன்னே நீலமாகிறது. தொட்டியின்மேல் திரளும் நுரையை அவர்கள் "நீலத்தின் பூ" என்கிறார்கள். பூ நன்றாகப் பூத்திருந்தால் தொட்டி உயிரோடு இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் நேரம் கேட்டு, அந்தப் பூவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம்மில் போக விரும்புவோருக்குச் சில நடைமுறைச் செய்திகளையும் சொல்ல வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடிச்சாறான தாஷி பெரும்பாலும் உலர்த்திய மீன் சீவலில் ஊறியது. காய்கறி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் குழம்பிலும் அது இருக்கும். சைவ உணவினர் "மீன் வேண்டாம்" என்று சொன்னால் போதாது. தாஷியிலும் மீன் கூடாது, கொம்பு என்னும் கடற்பாசியிலோ உலர்ந்த ஷீதாக்கே காளானிலோ எடுத்த சாறு போதும் என்று பல நாள் முன்னதாகவே எழுதித் தெரிவியுங்கள். வீட்டார் அதற்கேற்பப் பொருள் வாங்க வேண்டும் அல்லவா? அது இயலாது என்று தோன்றினால் கோயாசான் மலைக்குப் போகலாம். அங்குள்ள பௌத்த மடங்களில் தங்கி, ஊனில்லாத மடத்து உணவை உண்டு, விடியற்கால வழிபாட்டிலும் கலந்துகொள்ளலாம். பக்வீட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும் என்பதையும் மறக்கக் கூடாது. வருவதாகச் சொன்ன நேரம் தவறாமல் போய்ச் சேருங்கள். உங்களுக்காக ஒரு குடும்பம் அன்று வயலுக்குப் போகாமல் இருந்திருக்கக்கூடும்.

2024-இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 68 லட்சத்துக்கும் அதிகம். டோக்கியோ, கியோட்டோ, ஒசாக்கா தெருக்கள் அவர்களைத் தாங்க முடியாமல் திணறுகின்றன. அதே நாட்டில் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஆளில்லாத வீடுகள் ஏறக்குறைய 90 லட்சம். மக்கள்தொகையில் பாதிக்குமேல் 65 வயதைக் கடந்தவர்களாகி, ஊர்ப் பொதுக்காரியங்களைச் செய்யவே ஆள் போதாத கிராமங்களை அங்குள்ள சமூகவியலாளர்கள் "எல்லைக்கு வந்துவிட்ட ஊர்கள்" என்கிறார்கள். பயணிகள் வந்து மாவு பிசைந்தால் இந்த ஊர்கள் பிழைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எனினும் ஒரு முதியவர் தம் தொழிலை இன்னோர் ஆண்டு தொடர்வதற்கு வருவாயோடு ஒரு காரணமும் தேவைப்படுகிறது. கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்பது அந்தக் காரணம்.

இறுதியாக நோத்தோ தீபகற்பத்தைப் பற்றிச் சொல்லி அமைகிறேன். அங்கே சுசு கடற்கரையில், கடல்நீரைத் தோளில் சுமந்துவந்து, சமன்செய்த மணல்மீது கைவீச்சால் மழைபோலத் தூவி, வெயிலில் காய்ந்த மணலை வாரி, மறுபடி கடல்நீரால் அலசி, கிடைத்த அடர்ந்த உப்புநீரைப் பெரிய இரும்புக் கொப்பரையில் காய்ச்சி உப்பு எடுப்பார்கள். அந்தக் கைவீச்சைப் பயணிகளுக்கும் கற்றுக்கொடுத்து வந்தார்கள். சற்றுத் தொலைவில், வஜிமாவில், கடலை நோக்கி இறங்கும் சரிவில் 1004 சிறு நெல்வயல்கள் படிப்படியாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் இயந்திரம் இறங்க முடியாது. வெளியூர்க்காரர்கள் ஆண்டுக்கொரு தொகை செலுத்தி, ஒரு வயலுக்கு உடையவராகி, நடவுக்கும் அறுப்புக்கும் வந்துபோகும் ஏற்பாடு அங்கே உண்டு. 1992-இல் கோச்சி மாநிலத்தின் யுசுஹாராவில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஏற்பாடு அது.

2024 ஜனவரி 1 அன்று, புத்தாண்டு நாளில், 7.6 அளவிலான நிலநடுக்கம் நோத்தோவைத் தாக்கியது. சில இடங்களில் கடற்கரையே ஏறத்தாழ 4 மீட்டர் மேலெழுந்து, கடல் பின்வாங்கிப் போயிற்று. வயல்கள் பிளந்தன. அவற்றைப் பேணி வந்த உள்ளூர்க் குழுவினரில் பலர் வீடிழந்து வேறிடங்களில் தங்கியிருந்தார்கள். அங்கிருந்தே வந்து, பிளவுகளைக் கையால் மண்ணிட்டு அடைத்து, அந்த ஆண்டு மே மாதத்தில் 1004 வயல்களில் சுமார் 120 வயல்களில் நாற்று நட்டார்கள். செப்டம்பரில் பெய்த பெருமழை அந்தப் பகுதியை மறுபடியும் சிதைத்தது. அடுத்த வசந்தத்துக்கு அவர்கள் மீண்டும் வரப்புக் கட்டத் தொடங்கினார்கள்.

நன்றி. வணக்கம்.